அடுத்த வீட்டுப் பூமி

நான்கு வருடக் கல்லூரி வாழ்க்கையை முடித்துவிட்டு நிறைமதி மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பினாள். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள்.

நிலவின் மூன்றாம் சுரங்கத் தெருவில் இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. பள்ளி இறுதி வகுப்பை முடித்த பிள்ளைகள் எல்லோரும் தெருக்கோடியில் இருந்த முன்வாழ்வுக் கூடத்துக்குப் போவார்கள். சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் படுத்தால் போதும். தலையில் மாட்டும் உணர்வளை அவர்களுடைய உடம்பையும் மனத்தையும் அளந்து, அங்கே போனால் எப்படி வாழ்வார்களோ அந்த வாழ்க்கையை ஒரே உறக்கத்தில் வாழவைத்து எழுப்பிவிடும். விழித்ததும் நடந்தவை எல்லாம் அழிந்துபோகும். அந்த வாழ்வின் ருசி மட்டும் தங்கும். பாடங்களையும் விட்டுவைத்தால் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகாமலே பட்டம் கேட்பார்கள் என்பதால் சட்டம் அப்படி.

"எப்படிடி இருந்துச்சு?" என்று அம்மா சோறு போட்டபடியே கேட்டாள்.

"ஒண்ணும் ஞாபகமில்லம்மா. ஆனா கன்னமெல்லாம் வலிக்குது. முழுக்கச் சிரிச்சுக்கிட்டே இருந்திருப்பேன் போல."

அவள் வாழ்ந்து பார்த்தது யூரோப்பாவில். வியாழனைச் சுற்றும் அந்தக் குளிர்நிலவின் பனிக்கட்டிக்கு அடியில் ஓர் ஆழ்கடல் பல்கலைக்கழகம் இருந்தது. அங்கும் நிலவைப் போலவே ஈர்ப்பு குறைவு. நிலவில் பிறந்து வளர்ந்த உடம்பு மீன்போல் மிதக்கும். அங்கேயே விண்ணப்பிக்கலாம் என்று நிறைமதி வழியிலேயே முடிவு செய்திருந்தாள்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் அடுத்த வீட்டிலிருந்து அப்பாவின் தங்கை அமுதா அத்தை இனிப்புடன் வந்தாள். பின்னாலேயே அவள் மகள் சங்கவி, இரண்டு கால்களிலும் ஈயப் பட்டைகளைக் கட்டிக்கொண்டு, தொம் தொம் என்று நடந்து வந்தாள். பூமியின் ஈர்ப்பு நிலவைப்போல் ஆறு மடங்கு. அங்கே படிக்கப் போகிறவள் என்பதால் சிறுவயதிலிருந்தே அவளுக்கு அந்தப் பயிற்சி.

"பூமிக்கு முன்வாழ்வு பார்த்துட்டு வந்தா, அண்ணி. எழுந்திரிக்கவே மனசில்ல இவளுக்கு. நனைஞ்ச மாதிரி இருக்கு, காத்தடிக்கிற மாதிரி இருக்குன்னு என்னென்னமோ உளறுறா," என்றாள் அத்தை.

அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. "எங்க நிறையும் இப்பதான் யூரோப்பாவுக்குப் போயிட்டு வந்தா. பாரு, இன்னும் முகத்துல சிரிப்பு போகல."

சங்கவி நிறைமதியின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் அப்பா வந்தார். சங்கவியின் தலையில் கை வைத்து, "நம்ம குடும்பத்துல மொதல்ல பூமியில கால் வைக்கப்போறவ நீதாம்மா," என்றார். அவர் குரல் தழுதழுத்தது. யூரோப்பாவைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

நிறைமதி தட்டைத் தள்ளி வைத்தாள். சங்கவியும் அவளும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். முதலில் நடந்தவள் சங்கவி, முதலில் பேசியவள் சங்கவி, முதல் மதிப்பெண் சங்கவி. இப்போது வானத்தில் தொங்கும் அந்த நீலப் பந்தும் அவளுக்கா? மேல்தளத்தில் எந்த ஜன்னலில் பார்த்தாலும் அதுதானே கண்ணில் படும்! வாழ்நாள் முழுக்க எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் கூடத்துக்குப் போய்ப் பூமியின் பெயரைச் சொல்லிப் படுத்தாள். விழித்தபோது தலையணை நனைந்திருந்தது. முழங்கால் விண்விண் என்று தெறித்தது. ஏன் அழுதோம் என்று நினைவில்லை. யாரும் இல்லாத அறையில் நெடுநாள் படுத்துக்கிடந்த கசப்பு மட்டும் நாக்கில் ஒட்டியிருந்தது.

"விண்ணப்பம் யூரோப்பாவுக்குத்தானே?" என்று கேட்டது கூடத்தின் வழிகாட்டி எந்திரம்.

"இல்ல. பூமிக்கு."

"காரணம்?"

"மனித குலம் தோன்றின மண்ணை ஆராயணும்னு ஆசை."

மூன்றாம் தெருவுக்குப் பூமியில் ஓர் இடம், யூரோப்பாவில் ஓர் இடம். ஒருவருக்கு ஒரே விண்ணப்பம். முடிவு வந்த அன்று கூடத்தின் சுவரில் பெயர்கள் ஒளிர்ந்தன. பூமி: நிறைமதி. அவள் முதலில் தேடியது சங்கவியின் முகத்தைத்தான். அதில் எதிர்பார்த்த அழுகை இல்லை. திகைப்பு இருந்தது. அடுத்த வரி ஒளிர்ந்தது. யூரோப்பா: சங்கவி.

"நீ பூமிக்கே போடலையாடி?" என்றாள் நிறைமதி.

"அன்னைக்கு உன் மூஞ்சியப் பார்த்தேன்ல," என்றாள் சங்கவி மெதுவாக. "என்னைவிட நீ சந்தோஷமா இருந்தே. வயிறு எரிஞ்சுச்சு. போய் யூரோப்பாவையும் வாழ்ந்து பார்த்தேன். இருட்டுல அடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. வானமே இல்லாத மாதிரி. எழுந்து வாந்தி எடுத்தேன்."

"அப்புறம் ஏன் போட்டே?"

"நீ ஏன் போட்டே?"

வழிகாட்டி எந்திரம் இருவருக்கும் நடுவில் உருண்டு வந்தது. "இருவருமே மற்றவருக்குக் கிடைத்த இடத்தில்தான் மகிழ்ச்சியாக இருப்பீர்கள் என்று பதிவு சொல்கிறது. இன்று மாலைக்குள் மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. இருவரும் 'சரி' என்றால் போதும்."

நிறைமதி வாயைத் திறந்தாள். சரி என்றால் அத்தை தெரு முழுக்க இனிப்பு கொடுப்பாள். அப்பாவின் கை மறுபடியும் சங்கவியின் தலைக்கே போகும். வாயை மூடிக்கொண்டாள். எதிரே சங்கவியும், கன்னம் வலிக்கச் சிரிக்கும் நிறைமதியை நினைத்துக்கொண்டாளோ என்னவோ, உதட்டைக் கடித்தபடி நின்றாள்.

"நீ மொதல்ல சொல்லு," என்றாள் நிறைமதி.

"நான் ஏன் சொல்லணும்? வேணும்னா நீ கேளு."

எந்திரம் காத்திருந்தது. தன் செவியுணரியில் கோளாறோ என்று தன்னையே ஒருமுறை சோதித்துக்கொண்டது. மாலையானதும் கூடத்தின் விளக்குகளை அணைத்தது.

பூமிக்கு வந்த முதல் மழைக்காலத்தில் நிறைமதி எலும்புக் கவசம் பூட்டிய கால்களுடன் விடுதிக் கட்டிலில் கிடந்தாள். மற்ற மாணவர்கள் வெளியே நனைந்துகொண்டிருந்தார்கள். அப்போது யூரோப்பாவிலிருந்து ஒரு படம் வந்தது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஒளிரும் கடல், உள்ளே நண்பர்கள் நடுவில் பல் தெரியச் சிரிக்கும் சங்கவி. 'இங்கே வந்தது என் அதிர்ஷ்டம்' என்று கீழே எழுதியிருந்தாள்.

அது பொய் என்று நிறைமதிக்குத் தெரியும். சங்கவியே தன் வாயால் சொன்னதுதான். ஆனாலும் எரிந்தது.

செவிலி எந்திரத்தைக் கூப்பிட்டாள். "இந்தக் கவசத்தைக் கொஞ்சம் கழட்டு. ஜன்னல்கிட்ட நிக்க வச்சுப் பிடிச்சுக்கோ. உன் கை தெரியக் கூடாது. பின்னாடி மழை நல்லா விழணும்."

வலியில் கண் இருட்டியது. படம் எடுக்கும்வரை சிரித்தாள். அனுப்பிவிட்டுப் படுத்தாள்.

படம் வியாழன்வரை போய்ச் சேர நேரமாகும். அதைத் திறக்கும்போது சங்கவியின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துக்கொண்டே கிடந்தாள். அதுவரை கால் வலிக்கவே இல்லை.