எடுக்காத சிரிப்பு

திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி இரண்டு ஆகியிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. தியேட்டர் வாசலில் நாலைந்து வண்டிகள்தான் நின்றன. டிக்கெட் கிழிக்கிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தப் படத்துக்கா? தனியாவா வந்துகிற?"

"தனியாத்தான்."

"முன்னாடி ரோவுல உக்காராதம்மா. நேத்து ஒரு பொண்ணு பாதியிலயே எழுந்து ஓடிப்போய் வாந்தி எடுத்துக்கினு கெடந்துது."

நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அந்தப் படத்தில் பிணமாகப் படுத்திருப்பது என் அம்மா கோவிந்தம்மாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

முந்தின நாள் காலையில் கிருஷ்ணவேணி போன் செய்திருந்தாள். என் பெரியம்மா மகள், திண்டிவனத்தில்தான் இருக்கிறாள். "படம் பார்த்தேன் செல்வி. ரெண்டு நாளா சோறு எறங்கல. என்னா படம்டி அது! நம்மளையே பாடையில வெச்சிட்டு எல்லாரும் தாண்டிக்கினு போறாப்ல இருக்குது. கடைசில சின்னம்மா கண்ணத் தொறந்து சிரிச்சாங்க பாரு, அத பார்த்தப்புறம்தான் எனக்கு உசுரே வந்துது" என்றாள்.

அப்படி ஒரு காட்சி படத்தில் இல்லை. அதை எடுக்கவே இல்லை. எடுத்ததாக அம்மாவிடம் பொய் சொன்னவளே நான்தான்.

படத்தை எடுத்தவன் சித்தார்த்தன், எங்களுக்குச் சித்து. கோலியனூர்ப் பக்கம் எங்கள் காலனியில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. விழுப்புரத்தில் நானும் அவனும் ஒன்றாகக் கல்லூரிக்குப் போனோம். அவன் அம்மா கட்டட வேலைக்கு வெளியூர் போன நாட்களில் என் அம்மா ஊற்றிய கேப்பைக் கூழைக் குடித்துத்தான் அவன் வளர்ந்தான். அவன் படம் எடுக்கிறேன் என்றபோது காலனியே தலைகால் தெரியாமல் ஆடியது. உள்ளூர் ஆட்களைச் சேர்த்துக் கொடுக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அவன் கேட்ட முதல் ஆள் என் அம்மா.

கதை இதுதான். ஒரு கிழவி செத்துப்போகிறாள். எங்கள் தெரு வழியாகக் கொண்டு போகாதே என்று ஒவ்வொரு தெருவும் பாடையை மறிக்கிறது. நடுவீதியில் இறக்கி வைத்துவிடுகிறார்கள். ஊர் அதைத் தாண்டிப் போகப் பழகிவிடுகிறது. கல்யாண ஊர்வலம் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது, ஓட்டு கேட்கிறவர்கள் அதன்மேல் நோட்டீஸ் போடுகிறார்கள். பிணம் அழுகவில்லை, நாளுக்கு நாள் கனக்கிறது. கடைசியில் ஊரே கூடித் தூக்கினாலும் அசையவில்லை. அந்த இடத்தில் தெரு உள்வாங்க ஆரம்பிக்கிறது. அந்தப் பிணம்தான் இந்த நாடு என்று படித்தவர்கள் எழுதினார்கள்.

அம்மாவுக்கு நாடெல்லாம் தெரியாது. வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை ஆய்வாள், நடவுக்குப் போவாள். சித்து கூப்பிட்டான் என்று வந்து படுத்தாள்.

அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் படப்பிடிப்பு. மேக்கப் போட வந்த சீனுவாசன்தான் அம்மாவிடம் அந்தப் பழக்கத்தைச் சொன்னார். சினிமாவில் பிணமாக நடித்தவர் காட்சி முடிந்ததும் கட்டை அவிழ்த்துவிட்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் கேமராவில் பிடிக்க வேண்டும். பிணமாகவே பதிவாகி நின்றுவிடக் கூடாது. "சிவப்புப் புள்ளி எரியுதான்னு பாருங்கம்மா. எரிஞ்சாத்தான் ஓடுதுன்னு அர்த்தம்" என்றார் அவர்.

அம்மா சித்துவிடம் போய் நின்றாள். "படுக்கறேன் தம்பி. சிரிக்கறதையும் எடுத்துடணும்."

"எடுத்துடலாம் அத்தை. நீங்க படுங்க."

வெள்ளைத் துணியால் தாடையைக் கட்டினார்கள், கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள், நெற்றியில் காசு வைத்தார்கள். சாயங்காலம் வரைக்கும் அம்மா அசையவில்லை. ஈ மொய்த்தபோதுகூட இமை ஆடவில்லை. காட்சி முடிந்ததும் சித்து கேமராவை அணைத்தான். வெளிச்சம் போவதற்குள் வேறு இடத்தில் இன்னொரு காட்சி எடுக்க வேண்டும்.

"சித்து, அந்தச் சிரிப்பு" என்றேன்.

"பேஜாரு பண்ணாத செல்வி. படிச்ச பொண்ணுதானே நீ? இதெல்லாம் மூடநம்பிக்கை. ஓடுதுன்னு சும்மா சொல்லிடு." கண்ணடித்தான்.

எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. அம்மா பாடையில் படுத்தபடியே தாடைக் கட்டைத் தளர்த்திவிட்டு, கேமராவின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"ஓடுதா செல்வி?"

"ஓடுதும்மா. சிரி."

அம்மா சிரித்தாள். வெற்றிலைக் கறை தெரிய, கண் சுருங்க, நெடுநேரம் சிரித்தாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரே ஒரு தடவை கேட்டாள். "சிவப்பு எரியலியேடி?" அது புதுக் கேமரா, அதில் அப்படித்தான் என்றேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படப்பிடிப்பு முடிந்த பதினோராம் நாள் மல்லாட்டைக் கொல்லையில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். தாடையைக் கட்டத் துணி தேடியபோது ஒன்றும் அகப்படவில்லை. என் பச்சைத் துப்பட்டாவை எடுத்து நீளமாகக் கிழித்தேன். அந்த வீட்டில் அன்று அவ்வளவு பேர் அழுதார்கள், ஆனாலும் துணி கிழிகிற சத்தம்தான் என் காதில் தங்கியது.

சித்து ஓடிவந்து அம்மா காலில் விழுந்து அழுதான். பிறகு பையிலிருந்து அதே கேமராவை எடுத்தான். "ஞாபகத்துக்கு ரெண்டு போட்டோ எடுத்துக்கறேன் செல்வி" என்றான். எடு என்றேன். அவன் அம்மாவின் தலைமாட்டில் வெகுநேரம் நின்றான். சிவப்புப் புள்ளி எரிந்தது. நான் அதைப் பார்த்தேன், எதுவும் தோன்றவில்லை.

படம் வெளியான அன்று விழுப்புரத்தில் அவனுக்குப் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். அம்மாவைத் திரையில் பார்க்கப் பார்க்கப் பெருமையும் அழுகையும் ஒன்றாக வந்தன. கடைசிக் காட்சியில் அம்மாவின் முகம் திரை முழுக்க வந்தது. தாடைக் கட்டு பச்சை நிறத்தில் இருந்தது.



வெளியே வந்து அவன் சட்டையைப் பிடித்தேன். "அது என் துப்பட்டாடா."

அவன் தலை குனியவில்லை. "நடிச்சதுல அந்த அமைதி வரல செல்வி. நெஜமா போனப்பதான் வந்துது. ஊரு உலகம் அத்தைய பார்க்கட்டுமேன்னுதான்..."

"என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"உனக்குக் கூழு ஊத்துன கைடா அது."

நம்மைத் தாண்டிப் போகிறவர்களைப் பற்றிப் படம் எடுத்தவன் என் அம்மாவைத் தாண்டிப் போனான். அவனைத் திட்டித் தீர்த்தேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அந்த "ஓடுதும்மா" என் தொண்டையிலேயே நின்றது. அவன் செத்தவளை ஏமாற்றினான், நான் உயிரோடு இருந்தவளை ஏமாற்றினேன்.

அந்தப் படத்தை மறுபடி பார்ப்பதில்லை என்று இருந்தவளைத்தான் கிருஷ்ணவேணியின் போன் திண்டிவனத்துக்கு இழுத்து வந்தது.

இருட்டில் பதினைந்து பேர் இருந்திருப்போம். யாரும் செல்போனை நோண்டவில்லை. பாடை கனக்கக் கனக்க எல்லாரும் சீட்டில் அழுந்திக்கொண்டு போனோம். எனக்கு முன்னால் இருந்தவர் வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசிக் காட்சி நெருங்கியபோது அம்மாவின் மேல் எப்போதும் வீசுகிற வாசனை வந்தது. மஞ்சளும், அப்போதுதான் பிடுங்கிய மல்லாட்டையின் ஈர மண்ணும்.

திரை முழுக்க அம்மாவின் முகம்.

நெற்றியில் காசு. பச்சைக் கட்டு.

விழுப்புரத்தில் இந்த இடத்தில் படம் முடிந்தது.

இங்கே முடியவில்லை.

பச்சை முடிச்சு மெல்லத் தளர்ந்தது. காசு நழுவி விழுந்து எங்கேயோ உருளுகிற சத்தம் கேட்டது. அது திரைக்குள் கேட்டதா, சீட்டுக்கு அடியில் கேட்டதா என்று தெரியவில்லை.

அம்மா கண்ணைத் திறந்தாள்.

சிரித்தாள். அதே வெற்றிலைக் கறை. அதே கண் சுருக்கம். அனந்தபுரத்தில் அணைத்து வைத்த கேமராவுக்குச் சிரித்த அதே சிரிப்பு.

முன்வரிசையில் யாரோ நிம்மதியாக மூச்சு விட்டார்கள். ஆனால் அம்மாவின் கண்கள் நிற்கவில்லை. ஒவ்வொரு வரிசையாகத் தேடிக்கொண்டு வந்தன. பின்வரிசைக்கு வந்ததும் நின்றன.

"ஓடுதா செல்வி?"

முன்னால் இருந்தவர் பதறித் திரும்பினார். "இன்னாம்மா கேக்குது அது? யாரக் கேக்குது?"

ஓடுது என்று சொல்லிவிட்டால் அம்மா சிரித்தபடியே கண்ணை மூடிவிடுவாள், எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். நானும் போகலாம்.

இரண்டாவது முறையும் அவளை ஏமாற்ற என்னால் முடியவில்லை.

"இல்லம்மா" என்றேன். "அன்னிக்கு ஓடல. சித்து சொல்லச் சொன்னான். நான் பொய் சொன்னேன்."

சிரிப்பு நின்றது. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பினாளே, அதே முகம்தான். அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அம்மா பாடையில் எழுந்து உட்கார்ந்தாள். கால்விரல் கட்டை அவிழ்த்தாள். பச்சைத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு, காட்சிக்கு வெளியே நடந்து போனாள்.

திரையில் வெறும் பாடை மட்டும் இருந்தது.

விளக்கு போட்டும் யாரும் எழுந்திருக்கவில்லை. நான் தட்டுத்தடுமாறி வெளியே வெயிலுக்கு வந்தேன். போன் அடித்தது. சித்தார்த்தன். சண்டைக்குப் பிறகு அவன் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. பொம்மையார்பாளையத்தில் கடலோரம் ரூம் போட்டு அடுத்த கதை எழுதுகிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"செல்வி..." குரல் கிசுகிசுப்பாக வந்தது. "கேமராவுல பேட்டரிய கழட்டி வெச்சிருந்தேன். மேசை மேலதான் கெடக்குது பேட்டரி. ஆனா சிவப்பு எரியுது."

"ரூம விட்டு வெளிய வா சித்து. ஜல்தி வா."

"முடியல. கேமரா பின்னாடி யாரோ நின்னுக்கினு இருக்காங்க. ரூமெல்லாம் மஞ்ச வாசன..."

பின்னால் கடல் இரைச்சல் கேட்டது. அதற்கு நடுவே, மிகப் பொறுமையாக, கூழ் குடிக்கக் கூப்பிடுகிற அதே குரல்.

"படு தம்பி. ஓடுது."

நான் அம்மா, அம்மா என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சித்து அதற்குப் பிறகு பேசவில்லை. போன் மட்டும் கட்டாகவில்லை.

அந்தப் பக்கம் துணி கிழிகிற சத்தம் கேட்டது.