நர்சம்மா இறங்கும் இடம்

தம்பி எழில் விடிந்ததிலிருந்து வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தான். கண்கள் உள்ளே போய்விட்டன. அழக்கூடத் தெம்பில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டு மாசாணத்தின் குழந்தையும் இப்படித்தான் கிடந்தது. மறுநாள் இல்லை.

"அம்மா, இன்னைக்கு நர்சம்மா வர்ற நாளுங்க. தம்பியைத் தூக்கிட்டுப் போலாம்" என்றாள் பொற்கொடி. அவளுக்குப் பத்து வயது.

"அவங்க மருந்து குடுக்கறது கோயில் மண்டபத்துல கண்ணு. நம்ம காலனி ஆளுக அங்க கால் வைக்க முடியுமா? போன தடவை வாசல்ல நின்னதுக்கே உங்கப்பனை விரட்டிப்போட்டாங்க."

பொற்கொடி யோசித்தாள். மண்டபத்துக்குள் விடமாட்டார்கள், சரி. பஸ் நிற்கிற ரோட்டில் யார் விரட்டுவார்கள்?

தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

மருந்துப் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கிய ஜன்னத் நர்சம்மா, எழிலைப் பார்த்ததும் திடுக்கிட்டார். அவன் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். மடிப்பு அப்படியே நின்றது; உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது.

"மாசாமாசம் வாரேனே கண்ணு! காலனியிலிருந்து ஒருத்தரும் வராததால அங்க யாருக்கும் நோவே இல்லைன்னு நினைச்சுட்டேன்."

"மண்டபத்துக்குள்ள எங்களை விடமாட்டாங்கங்க."

நர்சம்மா மருந்துப் பெட்டியை அங்கேயே இறக்கி வைத்தார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, உப்பு சர்க்கரைப் பொட்டலத்தைப் பாட்டில் தண்ணீரில் கலக்கினார்.

கோயில் தர்மகர்த்தா கோவிந்தராஜுலு வேகமாக வந்தார்.

"ஏனுங்க நர்சம்மா, எல்லாரும் காத்திருக்கறாங்க. உங்க டீ ஆறுதுங்க!"

"ஆறட்டுங்க."

"இவனைத் தொட்டுப்போட்டு மண்டபத்துக்கு வருவீங்களாக்கும்?"

"நான் வரலீங்க. மருந்து வேணுங்கறவங்களை இங்க வரச் சொல்லுங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

நர்சம்மா எழிலை மடியில் கிடத்தி, கரண்டி கரண்டியாகப் புகட்டினார். வாந்தி எடுத்தான். கொஞ்சம் பொறுத்து மறுபடி புகட்டினார். பின்னாலேயே ஓடி வந்த அம்மா சேலைத் தலைப்பால் அவனுக்கு விசிறிக்கொண்டு நின்றாள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது, நர்சம்மாவின் வெள்ளைச் சேலை நனைந்தது.

"ஐயோ! ஒண்ணுக்குப் போயிட்டானுங்க!" பொற்கொடி பதறினாள்.

"சத்தம் போடாதே அம்மணி! இதுக்குத்தானே இவ்வளவு நேரம் காத்திருந்தேன்!" நர்சம்மா சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். "உடம்புல தண்ணி ஏறிடுச்சு. பொழைச்சுக்குவான்."

பிறகு கேட்டார். "இன்னும் யாருக்கெல்லாம் இப்படி இருக்குது?"

"மூணு ஊட்டுலங்க."

"வா, வழியைக் காட்டு."

ஈரச் சேலையோடு நர்சம்மா காலனிப் பக்கம் நடந்தார்.