கைப்பிடியைக் கொடுக்காதீர்கள்

அவ்ரில் சுக்கான் பிடிப்பாள், நான் கரையில் இறங்கி லாக் என்கிற கால்வாய்க் கதவுகளைத் திறப்பேன். கல்யாணமான கோடையிலிருந்து எங்கள் படகுப் பயணம் இப்படித்தான். அவளிடம் சுக்கானைக் கேட்டுப் பார்த்த ஒரே தடவை, நான் படகைக் கொண்டுபோய் நாணலுக்குள் சொருகினேன். அதை அவள் விருந்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த சனிக்கிழமையும் வழக்கம்போலத்தான் இருந்தது. வாடகைக்கு எடுத்த பச்சை நிற ஒல்லிப் படகு, மூக்கிலிருந்து வால்வரை நடந்துபோனால் கால் வலிக்கும் நீளம். காலையில் பன்றிக்கறி வறுவலும் ரொட்டியும். கரையோரம் எல்டர் பூ வாசம். வாத்துகள் கூடவே வந்தன. நடந்துபோகிறவர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். படகில் போவதன் சுகமே அதுதான்.

மதியத்துக்கு மேல் ஹோலோ லேன் இறக்கத்துக்கு வந்தோம். கால்வாய் அங்கே வரிசையாக லாக்குகள் வழியே, முன்னும் பின்னும் கதவு வைத்த கல்தொட்டிகள் வழியே, பள்ளத்துக்கு இறங்குகிறது. படகு உள்ளே வந்ததும் பின்கதவைச் சாத்தி, முன்கதவின் மதகைத் தூக்கினால் தண்ணீர் வடியும், படகும் கூடவே இறங்கும். பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான். பின்கதவுக்கு அடியில், தண்ணீருக்குள், ஒரு கல்படி நீட்டிக்கொண்டிருக்கும். படகின் வால் அதன்மேல் உட்கார்ந்துவிட்டால், மூக்கு மட்டும் கீழே போகும். பிறகு நிமிஷக் கணக்கில் படகு முழுகிவிடும்.

முதல் லாக்கின் மறுகரையில் அவன் நின்றிருந்தான்.

பழைய மோஸ்தரில் அரைக்கோட்டு, தொப்பி. சட்டைக் கை முழங்கைவரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்த நாள் அது. தண்ணீரில் கிடந்த எதையோ எடுத்திருப்பான் என்று நினைத்தேன்.

"ஒரு கை கொடுக்கட்டுங்களா?" என்றான்.

கால்வாய்க்காரர்களுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் உதவி செய்வார்கள். நாமும் மதகில் மாட்டிச் சுற்றும் இரும்புக் கைப்பிடிகளில் ஒன்றைக் கொடுத்து நன்றி சொல்வோம். நான் இடுப்பில் செருகியிருந்த இரண்டாவது கைப்பிடியை, கதவின்மேல் ஆள் நடக்கப் போட்டிருக்கும் பலகைப் பாலத்தின் குறுக்கே நீட்டினேன்.

அவன் அதை வாங்கத் தயங்கினான். என் முகத்தை ஏதோ கெஞ்சுகிறவன்போலப் பார்த்தான். கை மட்டும் முன்னால் வந்து வாங்கிக்கொண்டது.

"புது சிநேகிதம் கிடைச்சாச்சா?" அவ்ரில் கீழேயிருந்து கத்தினாள். "அவரையே வெச்சுக்கலாம் டெஸ், நீ வீட்டுக்குப் போ!"

முதல் லாக்கில் நன்றாகத்தான் வேலை செய்தான். நாங்கள் அடுத்த லாக்குக்கு வந்தபோது அவன் எங்களுக்கு முன்பே அங்கே நின்றான். தொட்டி நிரம்பி, கதவு திறந்து காத்திருந்தது. அவ்ரில் கையசைத்துவிட்டு உள்ளே விட்டாள். நான் பின்கதவைச் சாத்தினேன்.

சாத்தி முடிக்குமுன்பே சத்தம் கேட்டது.

கிடுக். கிடுக். கிடுக்.

மதகின் பல்சக்கரம். அவன் சுற்றிக்கொண்டிருந்தான்.

"பொறுங்க! படகு இன்னும் முன்னாடி போகலை!"

அவன் நிறுத்தவில்லை.

அவ்ரில் விசையை முழுதாகத் தள்ளினாள். எஞ்சின் உறுமியது, தண்ணீர் கலங்கியது. படகு இருந்த இடத்திலேயே இருந்தது. அடியிலிருந்து யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி. சகதி வாடை குப்பென்று எழுந்தது.

கல்லில் இரும்பு உரசியது.

வால் உட்கார்ந்துவிட்டது.

நான் கதவுப் பாலத்தில் ஓடி மறுகரைக்குப் போனேன். அவன் அழுதுகொண்டிருந்தான். தாரை தாரையாக.

"நான் இல்லீங்க," என்று முணுமுணுத்தான். "கை நிக்க மாட்டேங்குது."

அவன் கைமேல் கை வைத்துக் கைப்பிடியைப் பற்றினேன். ஐஸ்கட்டியைத் தொட்டதுபோல இருந்தது. முழுபலத்தோடு எதிர்ப்பக்கம் திருப்பினேன்.

அவன் மெல்லத் தன் கையை உருவிக்கொண்டான்.

என் கை வரவில்லை.

கைப்பிடி சுற்றியது. என் கைகளோடு சுற்றியது. காலை ஊன்றினேன், பின்னால் சாய்ந்தேன், பல்லால் விரல்களைக் கடித்து இழுத்தேன். கிடுக், கிடுக் என்று மதகு ஏறிக்கொண்டே போனது.

"அவ்ரில்! குதி! கரைக்குக் குதி!"

அவளால் முடியும். வால் இன்னும் உயரத்தில்தான் இருந்தது, கரை ஓர் எட்டு தூரம்தான். ஒரு காலைத் தூக்கிக் கரையில் வைத்தேவிட்டாள். சட்டென்று படகின் அறைக்கதவுப் பக்கம் திரும்பினாள்.

"உள்ள யாரோ தட்டுறாங்க!"

"யாரும் இல்ல! நாம ரெண்டு பேர்தான்! குதிடி!"

"பொம்பளைக் குரல், டெஸ். கதவைத் திறங்கன்னு அழுவுறா."

ஆயுள் முழுக்க ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தவள். யாராவது கூப்பிட்டால் போகாமல் இருக்க அவளுக்குத் தெரியாது. எனக்கு அது அப்போதே தெரிந்துவிட்டது. ஐயோ, கத்துவதைத் தவிர நான் என்ன செய்ய முடியும்?

"இருங்கம்மா, வரேன்," என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. குனிந்து உள்ளே போனாள்.

மூக்கு தண்ணீருக்குள் இறங்கியது. பிறகு எல்லாம்.

என் கை விடுபட்டது அதற்கப்புறம்தான்.

மறுகரையில் நாயோடு வந்த ஒருவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். விசாரணையில் அவர் என் முகத்தைப் பார்க்காமலே சாட்சி சொன்னார். அங்கே வேறு யாரும் இல்லை, இந்த மனிதர்தான் தனியாக நின்று மதகைச் சுற்றிக்கொண்டிருந்தார், அழுதுகொண்டே சுற்றினார் என்றார். விபத்து என்று எழுதி முடித்தார்கள். சந்தேகப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த கோடையில் ஹோலோ லேனுக்குப் போனேன். போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் இன்னொரு படகு வரும், இன்னொருவன் கைப்பிடியை நீட்டுவான் என்ற நினைப்பு வீட்டில் இருக்க விடவில்லை. அந்தத் தொப்பிக்காரனைக் காணவில்லை. நாள் முழுக்க லாக்கடியில் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் ஒரு படகு வந்தது. இளம் ஜோடி. பையன் சுக்கானில். பெண் கரையிறங்கி ஓடிவந்தாள், மூக்கெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது. நான் எழுந்தேன். சொல்ல வேண்டியதை எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவைத்திருந்தேன். யாரிடமும் கைப்பிடியைக் கொடுக்காதே, அம்மா.

வாயைத் திறந்தேன்.

"ஒரு கை கொடுக்கட்டுமா?" என்றேன்.

"ஐயோ, ரொம்ப நன்றிங்க!" அவள் சிரித்தபடி கைப்பிடியை நீட்டினாள்.

தலையை ஆட்டினேன். வேண்டாம், வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினேன். கை முன்னால் போய் வாங்கிக்கொண்டது. படகு உள்ளே வந்தது, அவள் பின்கதவைச் சாத்தினாள்.

கிடுக். கிடுக்.

"தாத்தா, பொறுங்க! அவன் இன்னும் முன்னாடி வரலை!"

"என்னால நிறுத்த முடியலம்மா," என்றேன். "அவனைக் குதிக்கச் சொல்லு."

கல்லில் இரும்பு உரசியது. பையன் சுக்கானை விட்டான். கரையைப் பார்த்தவன், என்னவோ கேட்டுத் திரும்பினான்.

"கேட், உள்ள யாரோ ஒரு அம்மா கூப்பிடுறாங்க!"

எனக்கும் கேட்டது. கதவைத் தட்டித் தட்டி, டெஸ், டெஸ் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.