தென்மதிலை இடித்தவன்

வெள்ளாற்றின் மேல்கரையில் மாலைச் சூரியன் இறங்கிக்கொண்டிருக்க, கீழ்வானில் பௌர்ணமிக்கு முந்தைய நாளின் சந்திரன் வெளிறிய முகத்தோடு எழுந்துகொண்டிருந்த இனிய வேளை அது. பூத்துக் குலுங்கும் நாணற்காடு, வரிசை கலையாமல் கூடு திரும்பும் நாரைகள், நெடும்பாக்கம் கோட்டைக்குள்ளிருந்து தவழ்ந்துவந்த கோயில் மணியோசை என்று அங்கே எதற்கும் குறைவில்லை. அன்பார்ந்த வாசகர்களே, இவற்றையெல்லாம் நின்று ரசிக்க உங்களுக்கும் எனக்கும் பொழுதிருக்கிறது. தென்மதிலின் தலைவன் கண்டன் சேதிராயனுக்கு இல்லை. அவன் நாணலுக்குள் முழங்கால் சேற்றில் நின்றபடி வடமதிலையே வெறித்துக்கொண்டிருந்தான். அவன் வயிறு பற்றி எரிந்தது.

சென்ற மழைக்காலத்து வெள்ளத்தில் கோட்டையின் வடமதிலும் தென்மதிலும் ஒருசேரச் சரிந்தன. பகைவரான கருங்குன்றத்து அரையர் படை திரட்டுவதாக ஒற்றர்கள் ஓடிவந்து சொன்னார்கள். அரசர் நோய்ப்படுக்கையில் கிடந்ததால் ஆட்சிப் பொறுப்பு அவர் மகள் பூதி நங்கையின் தலையில் விழுந்தது. அவள் தென்மதிலைக் கண்டனிடமும், வடமதிலை மூன்று மாதங்களுக்கு முன் வந்து வேலை கேட்ட ஒற்றியூரன் என்பவனிடமும் ஒப்படைத்தாள். பௌர்ணமிக்குள் எவருடைய மதில் முதலில் எழுகிறதோ அவரே இனிக் கோட்டைத் தலைவர் என்றும் சொல்லிவிட்டாள். அந்தப் பதவி கண்டனின் தந்தை வகித்த பதவி. போதாக்குறைக்கு, கண்டன் எவரிடமும் வாய்விட்டுச் சொல்லாத இன்னொன்றும் இருந்தது: அவன் பூதி நங்கையைக் காதலித்தான்.

பந்தயம் தொடங்கிய பத்தாம் நாளே வடமதில் தென்மதிலைவிட ஒரு முழம் உயர்ந்து நின்றது. அது எப்படி என்று பார்க்கக் கண்டன் மறைந்திருந்து நோட்டம் விட்டான். ஒற்றியூரனுக்குத் தன்னிடம் வேலை செய்த இருநூறு பேரின் பெயரும் தெரிந்திருந்தது. அவர்கள் உண்ட பிறகுதான் அவன் உண்டான். மாலைதோறும் “இன்று எது இடைஞ்சலாக இருந்தது?” என்று கேட்டான், விடிவதற்குள் அந்த இடைஞ்சல் காணாமல் போயிற்று. கல்லைப் பதித்தவன் அதில் தன் குறியைத் தானே வெட்டிக்கொள்ளலாம் என்றும் அனுமதித்திருந்தான். மீன், அரிவாள், சலங்கை என்று வடமதில் முழுவதும் குறிகள். பொழுது சாய்ந்ததும் வேலையாட்கள் மனைவி மக்களை அழைத்துவந்து தங்கள் கல்லைக் காட்டிப் பெருமைப்பட்டார்கள். பூதி நங்கையும் வந்து, “இந்த மீன் யாருடையது?” என்று கேட்டுச் சிரித்தாள். தான் பணிபுரிந்த பன்னிரண்டு ஆண்டுகளில் அவள் தன் எதிரே ஒருமுறையேனும் அப்படிச் சிரித்தாளா என்று கண்டன் எண்ணிப் பார்த்தான். இல்லை.

மறுநாள் காலையில் தென்மதிலில் புதிய கட்டளை பிறந்தது. அங்கும் ஒவ்வொரு கல்லிலும் குறி வெட்ட வேண்டும். என்ன குறி என்கிறீர்கள்? ‘கண்டன்’ என்ற பெயர்! சிரிக்காதீர்கள், அந்த மனிதன் மனதார அதைச் சரியான வழி என்றே நம்பினான்.

மூன்று நாள் கழித்துக் கண்டன், கல்தச்சன் உலகனைக் கூப்பிட்டு உறுமினான்.

“ஏனடா உங்களுக்குக் கை ஓடவில்லை?”

“கை ஓடுதுங்க ஐயா. உங்க பேரை வெட்டவே பொழுது சரியாப் போயிடுது. அப்புறம் சுண்ணாம்பு குழைக்க ஆள் ஏது?”

“வடக்கே மட்டும் எப்படியடா ஓடுகிறது?”

“அங்கே அவனவன் கல்லை அவனவன் வைக்கிறான். இங்கே எல்லாமே உங்க கல்லுங்களே!”

இதற்குப் பதிலாக உலகனின் முதுகில் சவுக்கு விழுந்தது. அதன்பின் தென்மதிலில் எவரும் வாய் திறக்கவில்லை. மதில் மட்டும் மளமளவென்று உயர்ந்தது. வெளிப்புறத்தில் கல், உட்புறத்தில் வெறும் ஆற்றுமண். கண்டனுக்கு அது தெரியும். வடமதிலை முந்தினால் போதும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

ஆனாலும் நெஞ்சின் எரிச்சல் அடங்கவில்லை. பௌர்ணமிக்கு முந்தைய நாளான அன்று காலையில் அரசவைக்கே சென்று, “இளவரசி, ஒற்றியூரன் பகைவரின் ஒற்றன். வடமதிலில் உள்ள குறிகள் அவர்களுக்கு அவன் விடுக்கும் சங்கேதங்கள்” என்று முறையிட்டான். பூதி நங்கை அவனை வடமதிலுக்கு அழைத்துச் சென்றாள். இருநூறு பேரும் அவரவர் கல்லின் முன் போய் நின்று குறியைத் தொட்டுக் காட்டினார்கள்.

“சேதிராயரே, உங்களைக் கண்டு வருந்துகிறேன்” என்றாள் அவள். அவள் கோபித்திருந்தால் அவன் பொறுத்திருப்பான்.

“இன்று மாலை ஒருமுறை மட்டும் ஆற்றங்கரைக்கு வாருங்கள், தேவி. என் ஐயம் பொய்யானால் இந்தக் கோட்டையை விட்டே போய்விடுகிறேன்” என்று மன்றாடிவிட்டு வந்தவன்தான் இப்போது சேற்றில் நிற்கிறான். அவனிடம் சான்று எதுவும் கிடையாது. பொறாமை மட்டுமே இருந்தது.

வடமதிலின் திட்டிவாசல் மெல்லத் திறந்தது. ஒற்றியூரன் தனியே வெளிவந்து, புதரடியில் மறைத்திருந்த பரிசலை நீரில் தள்ளினான். கண்டனுக்கு உண்டான மகிழ்ச்சியை என்னவென்று சொல்வது! உருவிய வாளோடு பாய்ந்தான்.

“நில்! மதில் முடிய ஒரு நாள் இருக்கையில் எங்கே பயணம்?”

ஒற்றியூரன் ஒரே தாவலில் பரிசலேறித் துடுப்பை ஊன்றினான். வாள் காற்றைத்தான் வெட்டிற்று; பரிசல் ஆழத்துக்குப் போய்விட்டது. அந்தச் சமயத்தில் பூதி நங்கையும் காவலர் இருவரும் கரைக்கு வந்துசேர்ந்தார்கள்.

“பார்த்தீர்களா, தேவி! நான் சொன்னேனே!” என்று கூவினான் கண்டன்.

பரிசலில் நின்றவன் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு இளவரசிக்குத் தலை வணங்கினான்.

“சேதிராயர் சொன்னது உண்மைதான், இளவரசி. நான் கருங்குன்றத்து அரையரின் இளவல் சிங்கன். மூன்று நாளில் எங்கள் படை இங்கே வரும்.”

பூதி நங்கையின் முகம் வெளுத்துப்போயிற்று. காவலர் வில்லை வளைத்தனர். அவள் கையுயர்த்தித் தடுத்தாள்.

“அப்படியானால் வடமதில்? அதில் என்ன வஞ்சனை செய்து வைத்திருக்கிறீர்?”

“அதில் ஒரு கல்கூடப் பொய்யில்லை. என்னை நம்பி உழைத்த இருநூறு பேரை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. ஏமாற்றவேண்டிய அவசியமும் நேரவில்லை. இந்தக் கோட்டையின் ஒரு மதிலை விழவைத்துவிட்டு வா என்பதே என் தமையனார் இட்ட கட்டளை. தென்மதிலை நான் கையால் தொட்டதுமில்லை. வடமதிலை நாளுக்கு ஒரு சாண் உயர்த்தி சேதிராயரின் கண்ணில் படவைத்தேன். மற்றதை அவரே பார்த்துக்கொண்டார்.”

பரிசலை வெள்ளம் இழுத்துக்கொண்டு போயிற்று. பூதி நங்கை அதிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்:

“சேதிராயரே, தென்மதிலுக்குள் என்ன இருக்கிறது?”

“மண், தேவி.”

மூன்று நாளில் பகைவர் வருவார்கள், தன் மதில் முதல் மோதலிலேயே சரியும், தந்தை காத்த கோட்டை தன்னால் பறிபோகும் என்பதெல்லாம் அந்தக் கணத்தில் கண்டனுக்குத் தெளிவாக விளங்கிற்று. விளங்கியும் என்ன? அவன் தலை நிமிர்ந்து இளவரசியின் முகத்தைத்தான் பார்த்தான். கண்ணீர் நிறைந்த அவள் விழிகள் பரிசலின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தன. இடியப்போகும் மதிலைவிட அதுதான் அவனைச் சுட்டது.