கால் சேர்த்து நடக்காதே

பாலத்தில் அவளும் மகளும் மட்டும்தான் இருந்தார்கள். இருந்தும் காலுக்குக் கீழே பலகைகள் மூன்று பேருக்கு அசைந்துகொண்டிருந்தன.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆற்றுக்குக் குறுக்கே இரும்புச் சங்கிலிகளில் தொங்கும் நடைபாலம் அது. கட்டியவர்கள் போய்ச் சேர்ந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. வெளியூர்க்காரர்கள் கேமராவும் கையுமாக வந்து அதன் கல் தூண்களை அண்ணாந்து பார்ப்பார்கள். தினமும் கடப்பவர்களுக்கு அது வீட்டுக்குப் போகும் குறுக்கு வழி, அவ்வளவுதான். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் பயம் உண்டு. இரண்டு பேர் அடி சேர்த்து நடந்தால் பாலம் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சலாட ஆரம்பித்துவிடும். 'கால் சேர்த்து நடக்காதே' என்று இரண்டு வாசலிலும் எழுதிப் போட்டிருக்கிறார்கள். புதிதாகக் கல்யாணமான ஜோடிகள்கூட இங்கே மட்டும் சண்டை போட்டுக்கொண்டவர்கள் மாதிரி ஆளுக்கொரு நடையாகப் போவதைப் பார்த்து ஊர் சிரிக்கும். மீறி ஆடிவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பாலம் அடங்கும்வரை அசையாமல் நிற்க வேண்டும். அதுவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அவளுக்குச் செருப்புக் கடையில் வேலை. பகலெல்லாம் மனிதர்களைக் காலிலிருந்து பார்த்துப் பழகியவள். முகத்தை மறந்தாலும் நடையை மறக்க மாட்டாள். கடை முடிந்ததும் நாத்தனார் வீட்டில் விட்டிருக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு பாலம் கடந்து அக்கரையில் இருக்கும் வீட்டுக்குப் போவாள். இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போனபிறகு பிறந்த பெண். எல்லோருக்கும் அவள் வாலு. இந்த வாலு இல்லையென்றால் தனக்கு எதுவுமே இல்லை என்று அவள் வாய்விட்டே சொல்வாள், புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதும்.

அன்று பொழுது சாய்வதற்குள்ளேயே ஆற்றிலிருந்து பனி ஏறிவிட்டது.

"பனி கொட்டுது, பார்த்துப் போங்கம்மா," என்று வாசலில் காவலாளி சொல்லியிருந்தார். "கொஞ்ச நேரத்துல கேட்டைப் பூட்டிடுவேன்."

"நாங்க கால் சேர்க்காமத்தான் போவோம் மாமா," என்றாள் வாலு, பெரிய மனுஷி மாதிரி.

வாலுவுக்கு அடி சேர்க்கவே வராது. இரண்டு அடி நடந்தால் ஒரு குதி, மறுபடி இரண்டு அடி, ஒரு குதி. ஈரத் தாரின் வாசனையும் துருவின் வாசனையும் சேற்றின் குளிர்ந்த வாடையும் கலந்து மூக்கில் ஏற, விளக்குகள் ஒவ்வொன்றும் பனிக்குள் மஞ்சள் கறையாகக் கரைந்து கிடக்க, கீழே ஆறு கண்ணுக்குத் தெரியாமல் தூண்களை உரசிக்கொண்டு ஓடும் சத்தத்துக்கு நடுவே அந்தக் குதி மட்டும் தெளிவாகக் கேட்டது. அதற்கு அடியில்தான் இன்னொன்றும் இருந்தது. சத்தமாக இல்லை, பலகை வழியாக உள்ளங்காலுக்கு வரும் ஒரு சின்ன அழுத்தம். அவள் கால் வைக்கும்போது அதுவும் வைத்தது.

திரும்பிப் பார்த்தாள். பனி. வாசல் விளக்குகூடத் தெரியவில்லை.

யாராவது பின்னால் வந்தால் வரட்டும், பாலம் என்ன பாட்டன் சொத்தா என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நடையை மாற்றினாள். ஒரு நீள அடி, ஒரு குட்டை அடி. அதுவும் மாற்றிக்கொண்டது. நின்றாள். நின்றது. மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் அடியில் அந்த அழுத்தம், ஒரு இமைப்பொழுதும் முந்தாமல், பிந்தாமல்.

பாலம் தாளத்தைப் பிடித்துக்கொண்டது.

சங்கிலிகள் மேலே முனக ஆரம்பித்தன. பலகைகள் எழும்பின, அமர்ந்தன. நடுப்பாலத்து விளக்கு ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, அணைந்துபோனது.

"அம்மா, நிஜமாவே ஆடுதும்மா!" வாலுவுக்கு அது விளையாட்டு.

"ஆடுதா?" காவலாளியின் குரல் எங்கிருந்தோ பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "நடக்காதீங்கம்மா! பாப்பாவைத் தூக்கிட்டு அப்படியே நில்லுங்க!"

அந்த நேரம் பார்த்து பாலம் அவளைக் கைப்பிடிக் கம்பியில் மோதித் தள்ளியது. மகளின் கை நழுவியது. ஒரு நொடிதான். இருட்டில் துழாவினாள். கம்பளிச் சட்டை கையில் பட்டது. வாரி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். சின்னக் கைகள் கழுத்தைக் கட்டிக்கொண்டன. போன உயிர் திரும்பி வந்தது.

அசையாமல் நின்றாள். ஆட்டம் குறைந்தது. அந்த அழுத்தமும் இல்லை. பயத்தில் தன் கால் தனக்கே பேயாகத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்குக் கொஞ்சம் சிரிப்புகூட வந்தது.

"ஒண்ணுமில்லடா தங்கம்," என்றாள் காதோரம்.

இடுப்பிலிருந்தது பேசவில்லை. வாலு எதற்கும் பேசாமல் இருந்ததே இல்லை.

அப்போது பலகை அதிர்ந்தது.

இரண்டு அடி. ஒரு குதி.

அவள் மூச்சை நிறுத்திக் கேட்டாள். சற்றுத் தள்ளி, வந்த வழிப் பக்கமாக. இரண்டு அடி. ஒரு குதி. பிறகு தயங்கி நின்றது.

"அம்மா? எங்கம்மா இருக்கே?"

தன் பிள்ளையின் நடை. அதில் சந்தேகமே இல்லை. கண் பொய் சொல்லலாம், பனி பொய் சொல்லலாம், அவளுக்குக் கால் பொய் சொன்னதில்லை. மகள் அங்கே, கீழே, பலகைமேல் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

அப்படியானால் இடுப்பில்.

இறக்கிவிடக் குனிந்தாள். அது இறங்கவில்லை. கால்கள் அவள் இடுப்பைச் சுற்றிக்கொண்டன. சுற்றி முடித்தும் இன்னும் சுற்றின. கம்பளிக்கு உள்ளே சூடு இல்லை. கழுத்தில் பதிந்திருந்த முகம் மூச்சு விடவில்லை.

"அம்மா, பயமா இருக்கும்மா!"

வாலு என்று கத்த வாயைத் திறந்தாள். சின்னக் கைகள் இறுகின. காற்று வரவில்லை. குரல் வரவில்லை. ஒரு அடி எடுத்து வைக்கப் பார்த்தாள், மகளின் பக்கமாக. கால் பலகையை விட்டு எழவில்லை.

பனிக்குள் வேறு ஒரு நடை கேட்டது. நிதானமான நடை. நாள் முழுக்க நின்று ஓய்ந்துபோன, வலது குதிகாலை லேசாக இழுத்து வைக்கும் பெண்ணின் நடை. அது யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இங்கதான்டி இருக்கேன்," என்றது அவளுடைய குரல். "கையைப் பிடிச்சுக்கோ."

"எங்கம்மா போனே?" விசும்பல் நின்றது. மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"எங்கேயும் போகல. வா."

இரண்டு ஜோடிக் கால்கள் வந்த வழியே திரும்பி நடந்தன. அடி, அடி, குதி. அடி, அடி. கொஞ்ச தூரம் போனதும் குதி நின்றுவிட்டது. இரண்டும் ஒரே அடியாகக் கேட்டன. பாலம் ஆடவே இல்லை.

"என்னம்மா, திரும்பிட்டீங்க?" காவலாளி தூரத்தில் கேட்டார்.

"பாலம் ரொம்ப ஆடுதுண்ணே. பாப்பா பயந்துட்டா. ராத்திரிக்கு நாத்தனார் வீட்டுலயே தங்கிக்கிறோம்."

"அதான் நல்லது. பாலத்துல வேற யாரும் இல்லையே?"

"யாரும் இல்லண்ணே."

இரும்புக் கேட் இழுபட்டது. பூட்டு விழுந்தது.

அவள் கத்தினாள். உள்ளுக்குள் மட்டும். கண்ணீர் இடுப்பிலிருந்ததன் குளிர்ந்த கன்னத்தில் வழிந்தது. அது துடைத்துக்கொள்ளவில்லை.

"போலாம்மா," என்றது, வாலுவின் குரலிலேயே. "அப்பா வந்திருப்பாரு."

கழுத்திலிருந்து ஒரு சின்னக் கை விலகி, குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் அவள் முதுகில் மெல்லத் தட்ட ஆரம்பித்தது. அந்தத் தட்டலுக்கு ஏற்ப அவளுடைய கால்கள் வீட்டுப் பக்கமாக நடந்தன.