குறையாத தூரம்

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மலையைச் சுற்றிக் காரில் போனால் ஒரு பகல் முழுக்க ஆகும். ஆகாய வழியில் நாற்பதே நிமிடம். அதை நம்பித்தான் அந்தக் குழந்தையைச் சின்ன விமானத்தில் ஏற்றினோம். நிமோனியா முற்றி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. போய் இறங்கும் விமான நிலையத்தில் ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. உள்ளே பைலட், நர்ஸான நான், குழந்தை, அவள் அம்மா.

நல்ல மதிய வெயில். கீழே ஏரி பளபளத்தது. அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இவ அப்பா இந்த ஏரியிலதான் மூழ்கிப் போனார், சிஸ்டர். இருந்தவரைக்கும் எங்களை ஊர் எல்லையைத் தாண்ட விட்டதில்ல. இன்னைக்குத்தான் முதல் தடவையா வெளிய வர்றோம்."

ஏரியைக் கடந்த கொஞ்ச நேரத்தில் சேற்று வாடை அடித்தது. அழுகிய பாசியின் வாடை.

பைலட் திரையைத் தட்டினார். "இன்னும் அறுபது கிலோமீட்டர்னு காட்டுது. ரொம்ப நேரமா அதே அறுபதுதான்."

"எதிர்க்காத்தா?"

"காத்தே இல்லம்மா. வேகமும் சரியா இருக்கு. இந்நேரம் இறங்கியிருக்கணும்."

ஜன்னலில் பார்த்தேன். கீழே ஒரு மொட்டைப் பாறை. சற்றுப் பொறுத்து மறுபடி பார்த்தேன்.

அதே பாறை.

ஆக்சிஜன் சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டது. குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. போர்வையை விலக்கிக் காலைத் தொட்டேன். பனிக்கட்டி.

கணுக்காலில் ஐந்து பள்ளங்கள்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை இன்னும் ஆழமாக அழுந்தின.

யாரோ பிடித்திருந்தார்கள்.

அம்மாவும் பார்த்துவிட்டாள். அலறவில்லை. ஸ்ட்ரெச்சரின் கால்மாட்டில் இருந்த வெறுமையைப் பார்த்துக் கெஞ்சினாள்.

"விட்டுடுங்க. உங்க பொண்ணுங்க அவ. மூச்சு முட்டுதுங்க அவளுக்கு."

பள்ளங்கள் அசையவில்லை. குழந்தையின் மூச்சு விட்டுவிட்டு வந்தது. அம்மா இரண்டு கையாலும் அந்தக் கணுக்காலிலிருந்து எதையோ பிய்த்தெடுக்கப் பார்த்தாள். அவள் விரலெல்லாம் சேறு அப்பியது.

"உசுரோட இருந்தப்பதான் விடல. செத்துமா?"

பிறகு குழந்தையின் காலோடு ஒட்டித் தன் இடது காலை நீட்டினாள்.

"என்னைப் புடிச்சுக்கங்க. எங்க போனாலும் விடாதீங்க. அவளை மட்டும் விட்டுடுங்க."

ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை.

அப்புறம் அவள் பல்லைக் கடித்தாள். கண்ணில் பொலபொலவென்று நீர் வழிந்தது.

குழந்தையின் பாதம் மெல்லச் சிவந்தது.

"ஓடுபாதை தெரியுது!" என்று பைலட் கத்தினார்.

குழந்தை பிழைத்துக்கொண்டாள். அவளைப் பார்க்க ஒருநாள் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். தலையணையில் சாய்ந்து ஆரஞ்சுச் சுளை தின்றுகொண்டிருந்தாள். காலி பிளாஸ்கோடு வந்த அம்மா இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள்.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"எலும்பெல்லாம் நல்லா இருக்காம்." என் காதருகே குனிந்தாள். "பழகிடுச்சு, சிஸ்டர். தூங்கும்போது மட்டும் கொஞ்சம் இறுக்குவார்."

வெந்நீர் வாங்கக் கிளம்பினாள். வார்டின் தரை காய்ந்து கிடந்தது.

அவள் நடந்த வழியெல்லாம், ஓர் உள்ளங்கை ஊன்றி ஊன்றி ஊர்ந்துபோன ஈரத்தடம்.