கிணற்றின் பசி

2059 ஆகஸ்ட் 4 அன்று காலை, வேலங்குப்பம் நகராட்சியின் மூன்றாம் எண் குடிநீர்க் கிணற்றில் குரோமியம் இல்லை என்று பதிவானது.

பம்பு ஆபரேட்டர் கொளஞ்சி பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும் சென்னையிலிருந்த மகளை அழைத்தாள். "தண்ணி சுத்தமாயிடுச்சுடி. தலப்பிரசவத்துக்கு இங்க வந்துடு."

"குடிநீர்ச் சான்றிதழ் வந்துச்சாம்மா?" நிறைமதிக்கு ஐந்து மாதம். "அத்தை அதைத்தான் கேக்கறாங்க."

சம்பந்தியைக் குறை சொல்ல முடியாது. வேலங்குப்பத்துக்கு விருந்தாளிகள் தண்ணீரோடுதான் வருவார்கள். நிறைமதியின் கல்யாணத்துக்கே மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேன் நிறைய கேன் கொண்டுவந்தார்கள். தோல் பதனிட குரோம் உப்பு தயாரித்த ஆலையை மூடி இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது. மண்ணுக்குள் இறங்கிய அதன் கழிவு மட்டும் மழைக்கு மழை கிணற்றுக்கு வந்துகொண்டிருந்தது.

மூன்று வருடம் முன்பு கிணற்றுக்குள் நஞ்சுண்ணித் தூண்களை இறக்கினார்கள். தென்னை நாரில் வளர்த்த நுண்ணுயிர்கள் அவை. குரோமியத்தின் நஞ்சைத் தின்று, கெடுதியில்லாத சேறாக அடியில் தள்ளிவிடும். தின்னும்போது நீலமாக ஒளிரும். கொளஞ்சி தினமும் எட்டிப் பார்த்து, "சாப்டீங்களா?" என்று கேட்பாள்.

அடுத்த வாரமே ஒளி மங்கத் தொடங்கியது. நீர்ப் பொறியாளர் ஜெசிந்தா வந்து குனிந்து பார்த்தாள்.

"பட்டினிக்கா. தண்ணியில தீனியே இல்ல. மழை பெஞ்சா மண்ணுல இருக்கற விஷம் திரும்ப வரும், அப்ப இதுங்க உயிரோட இருக்கணும். மழைக்கப்புறமும் தண்ணி சுத்தமா இருந்தாத்தான் சான்றிதழ், இதுங்க செத்துட்டா கிடையாது. புதுசா வளக்க மூணு வருஷம் ஆகும்."

"கொஞ்சூண்டு விஷம் போட்டா?"

"தினம் ரெண்டு கிராம் போதும், ஒரு மணி நேரத்துல தின்னு தீத்துடும். எங்க போறது? கழிவு மேட்டுக்கு கான்கிரீட் போட்டாச்சு. வெளியூர்லேந்து கொண்டார அனுமதி வாங்கவே ரெண்டு மாசம். இதுங்க நாலு நாள் தாங்காது."

"அம்பது வருஷம் விஷத்துலயே குளிச்ச ஊரு. ரெண்டு கிராமுக்கு அலையறோம் பாரு!"

சொல்லிவிட்டு கொளஞ்சி சட்டென்று நிறுத்தினாள். வீட்டுக்குப் போனாள்.

அவள் கணவன் முனிரத்தினம் பத்தொன்பது வருடம் அந்த ஆலையில் கலவைப் பிரிவில் இருந்தவன். கைகளில் குரோமியம் அரித்து, அம்மைத் தழும்புபோல வட்ட வட்டக் குழிகள். அவனுடைய வேலைக் கோட்டு, குரோம் உப்பு ஊறி விறைத்து மஞ்சளாக, கொல்லைப்புறத் தகர டிரம்மில் மூடிக் கிடந்தது. நஷ்டஈட்டு வழக்குக்கு அது ஒன்றுதான் சாட்சி. வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை.

"அத குடுங்க" என்றாள். காரணத்தையும் சொன்னாள்.

"இன்னா மே, அப்ப கேசு?"

அவன் கொல்லைக்குப் போனான். டிரம் மூடியைத் திறந்தான்.

"உடு. கேசு வரும்போது என் கைய காட்டிக்கறேன்."

ஜெசிந்தா கோட்டை ஊறவைத்து, மஞ்சள் சாற்றை அளந்து கிணற்றில் விட்டாள். முனிரத்தினம் வழக்கம்போல பம்பு நிலைய வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். அந்தக் கையோடு கிணற்றுப் பக்கம் வரக்கூடாது என்று கல்யாணமான புதிதில் கொளஞ்சி சொன்னது. அவன் ஒருநாளும் மீறியதில்லை.

பத்து நிமிடத்தில் கிணற்றின் உட்சுவர் நீலமானது.

"வாங்க, வந்து பாருங்க" என்றாள் கொளஞ்சி.

"நானா?"

"பின்ன யாரு? உங்க கோட்டத்தான் தின்னுதுங்க."

அவன் தயங்கித் தயங்கி வந்து எட்டிப் பார்த்தான். கொளஞ்சி அவன் கையைப் பிடித்துக் கிணற்றுச் சுவரின்மேல் வைத்தாள்.

அக்டோபர் மழை வரை கோட்டு தாங்கியது. நவம்பரில் சான்றிதழ் வந்தது, நிறைமதியும் வந்தாள். கூட வந்த சம்பந்தி கையில் கேன் இல்லை. ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டாள். டிசம்பரில் பெண் குழந்தை பிறந்தது.

அடுத்த கோடையில் கிணற்றின் ஒளி மறுபடி மங்கியது. தினமும் இரண்டு கிராம் குரோமியக் கழிவு வழங்க நகராட்சி ஒப்பந்தப்புள்ளி கோரியது. ஒரே விண்ணப்பம் வந்தது: ஆற்றங்கரையில், பழைய ஆலை இருந்த இடத்திலேயே, புதிய குரோம் உப்பு ஆலை. நகர்மன்றம் அதை ஒருமனதாக ஏற்றுக்கொண்டது.